பிள்ளையார் புல்லும் பெரிய மனிதர் புல்லும்

அருகம்புல்லுக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று பிள்ளையாரே எதிர்பார்த்திருக்க மாட்டார்!

கோயில் வாசலில் கட்டு கட்டாக விற்கிறார்கள். கல்யாண வீட்டில், அருகைப் போல வேரோடி வாழணும் என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். அத்தோடு சரி. வயலில் முளைத்துவிட்டால், 'சனியன், போகவே போகாது' என்று அதற்குத் திட்டுதான். மற்றபடி நம் ஊரில் அருகுக்கு என்ன பெரிய அந்தஸ்து?

அதே அருகம்புல்லின் சொந்தக்காரப் புல் ஒன்று சென்னையில் சௌக்கியமாக இருக்கிறது. விடிவதற்கு முன் அதன்மேல் விழுந்த பனியைத் தட்டிவிட இரண்டு ஆள். தினமும் ஷேவிங். அவ்வப்போது உரம், மருந்து, மணல் குளியல். மே மாத நடுப்பகலில் சூடு தணிய லேசாகத் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள். யாராவது காலைத் தேய்த்து நடந்தால் நாலு பேர் முறைக்கிறார்கள். எல்.கே.ஜி. சீட் கிடைத்த பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தாங்குவதில்லை.

இடம்: ஒரு கோல்ஃப் மைதானம்.

எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. கோல்ஃப் பற்றி எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம், எம்.டி. சனிக்கிழமை காலையில் போனை எடுக்க மாட்டார் என்பதுதான். நான் பார்க்கப் போனது ஆட்டத்தை அல்ல, புல்லை. சித்திரை, ஆடி, ஐப்பசி, மார்கழி என்று ஒரே வருஷத்தில் நாலு தடவை போனேன். க்ளப்பின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். போடவில்லை.

அங்கே முப்பது வருஷத்துக்கும் மேலாகப் புல் வளர்க்கிற ஒருவர் இருக்கிறார். செக்ரட்டரி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் 'பெரிய மாலி'. முட்டிவரை மடித்த பேன்ட், தலையில் துண்டு, சட்டைப் பையில் ஒரு டயரி, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் புல்லின் ஜாதகம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி, மாட்டுத் தீவனத்துக்காக அருகம்புல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார். (அமெரிக்காவில் அருகுக்கு 'பெர்முடா புல்' என்று பெயர். பெர்முடா தீவுக்கும் அதற்கும் பூர்வீக சம்பந்தம் ஒன்றும் கிடையாது. வழியில் ஏறிக்கொண்ட பெயர்.) நம்ம அருகையும், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் மெல்லிய இலைகொண்ட அதன் தங்கச்சி வகையையும் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். 1956-ல் டிஃப்கிரீன், 1960-ல் டிஃப்வே, 1965-ல் டிஃப்ட்வார்ஃப் என்று வரிசையாக வெளிவந்தன. உலகம் முழுக்க வெப்ப தேசத்து கோல்ஃப் மைதானங்களில் இந்தக் குடும்பம்தான் கொடிகட்டிப் பறந்தது.

இந்தப் புல்லில் ஒரு விசேஷம் உண்டு. முளைக்கிற விதையே கிடையாது. தண்டைக் கிள்ளித்தான் நட வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் டிஃப்ட்வார்ஃப் எல்லாம் ஒரே தாயின் துண்டு துண்டான உடம்பு. ஒரு இடத்தில் பட்டுப்போனால், பக்கத்தில் இருப்பது ஊர்ந்து வந்து மூட வேண்டும். அது ஊர்ந்து வருவதற்குள் அந்தக் காலி இடத்தில் வேறு யாராவது குடிவந்துவிடுவார்கள். சென்னையில் காலி மனை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

கோல்ஃப் மைதானத்தில் எல்லாப் புல்லும் ஒரே உயரம் இல்லை. பந்தை நீளமாக அடிக்கிற பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். அங்கே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதன் இரண்டு பக்கமும் ரஃப். அங்கே தாடி வளர விடுவார்கள். கடைசியில் குழி இருக்கும் இடம்தான் கிரீன். ஒரு கிரீன் சுமார் ஐயாயிரம் சதுர அடி. நம் கணக்கில் இரண்டு கிரவுண்டு. அதில் புல்லின் உயரம் என்ன தெரியுமா? பர்ஸிலிருந்து ஏ.டி.எம். கார்டு நாலை எடுத்து (மாசக் கடைசியில் அதற்காவது பயன்படட்டும்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மூன்று மில்லிமீட்டர் வரும். ஏறக்குறைய அவ்வளவுதான்!

"மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே வெட்டுல எடுக்கக் கூடாது சார்" என்றார் பெரிய மாலி. "எடுத்தா புல்லு மூச்சடைச்சுப் போயிடும். வேர் சுருங்கும். அதனாலதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டறது."

வெட்டுகிற மெஷினும் வேறு. வீட்டுத் தோட்டத்தில் சுழற்றி அடிக்கிற மெஷின் புல்லைக் கிழிக்கும். இங்கே உருளை மெஷின். கத்தரிக்கோல் மாதிரி நறுக் நறுக்கென்று வெட்டும். கத்தி சரியாகத் தீட்டியிருக்கிறதா என்று ஒரு பேப்பர் துண்டைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நியூஸ் பேப்பர் சுத்தமாக நறுங்கினால் மெஷின் பாஸ்.

இத்தனை பாடும் எதற்காக? பந்து உருள்வதற்காக. கிரீன் எவ்வளவு 'வேகம்' என்று அளக்க ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. மூன்றடி நீளத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி உலோகத் தண்டு. அதில் பந்தை வைத்து மெதுவாகத் தூக்கினால் பந்து உருண்டு ஓடும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் மார்க். மார்க் ஒன்று குறைந்தாலும் மெம்பர்கள் கம்ப்ளெயின்ட் புத்தகத்தைக் கேட்பார்கள். அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நம் ரேஷன் கடை வாசலில் கேட்காத கோபமெல்லாம் அதில் நல்ல இங்கிலீஷில் இருக்கிறது.

கோபம் உச்சத்துக்குப் போகிற மாசம் ஆடி. ஏனென்றால் ஆடியில் கிரீனுக்கு அம்மை போடும்!

நான் இரண்டாவது தடவை போனபோது நேரிலேயே பார்த்தேன். ஒரு மெஷின், நடு ஓட்டையுள்ள ஆணிகளால் கிரீன் முழுக்கக் குத்திக்கொண்டே போகிறது. ஒவ்வொரு குத்துக்கும் சுண்டுவிரல் மாதிரி ஒரு மண் துண்டு மேலே வந்து விழுகிறது. அதையெல்லாம் பெருக்கி அள்ளிவிட்டு, ஓட்டைகளில் சல்லடையில் சலித்த மணலைப் போட்டு, பாய் மாதிரி ஒன்றை இழுத்துப் பரப்புகிறார்கள். பச்சைப் பட்டு மாதிரி இருந்த இடம் ஆயிரக்கணக்கான பொத்தல்களோடு பரிதாபமாகக் கிடக்கிறது.

"ஏன் இந்தக் கொலைவெறி?" என்று கேட்டேன்.

"வருஷம் பூரா எத்தனை பேரு மிதிக்கறாங்க! மண்ணு செங்கல் மாதிரி இறுகிப் போவுது. வேருக்குக் காத்து வாணாமா? ஐப்பசில மழை கொட்டும்போது தண்ணி எங்க சார் இறங்கும்? இப்பக் குத்தினாத்தான் உண்டு. வெயிலும் இருக்கு, புல்லும் வேகமா வளருது. பதினஞ்சே நாள்ல மூடிக்கும். மார்கழில குத்தினா ஆறாது."

ஆடிப் பட்டம் விவசாயிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கோல்ஃப் க்ளப்புக்கும் உண்டு போலிருக்கிறது.

இறுகின மண்ணுக்கென்றே ஒரு களை இருக்கிறது. ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த இடங்களில், தரையோடு தரையாகச் சக்கரம் மாதிரி பரவி, வெள்ளை வெளேரென்ற அடித்தண்டோடு உட்கார்ந்திருக்கும். கதிரைப் பார்த்தால் கேழ்வரகின் ஏழைத் தம்பி மாதிரி இருக்கும். உண்மையில் தம்பி இல்லை, பாட்டன். நாம் கூழ் காய்ச்சிக் குடிக்கிற கேழ்வரகு, இந்தக் காட்டுப் புல்லின் வம்சத்தில் வந்ததுதான். பிடுங்கினால் மறுபடி வரும். மண்ணை இளக்கினால்தான் போகும். அம்மைக்கு அதுவும் ஒரு காரணம்.

சித்திரைக் கதை சின்னது. வெயில், தண்ணீர், தண்ணீர் இல்லாமை! சென்னையின் ஏரிகள் வறண்டுபோன 2019 கோடையில், குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் க்யூ நின்றபோது, புல்லுக்கு யார் கொடுப்பார்கள்? கொடுத்திருந்தால் நாமே சும்மா இருந்திருப்போமா? ஃபேர்வே எல்லாவற்றையும் அந்த வருஷம் கருக விட்டுவிட்டார்களாம். சுத்திகரித்த கழிவுநீரை கிரீனுக்கு மட்டும் பங்கிட்டுத் தெளித்தார்கள். மெம்பர்கள் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதல் நல்ல மழைக்கு, செத்துப்போனதாக நினைத்த ஃபேர்வே பச்சையாக எழுந்து உட்கார்ந்தது. அருகு மேலே காயும், கீழே தண்டு உயிரோடு இருக்கும். கல்யாண வாழ்த்தைச் சும்மாவா வைத்தார்கள்!

ஆனால் மழையில் அருகு மட்டும் எழுந்து உட்காருவதில்லை. அதற்கு முன்பே எழுந்துவிடுகிற ஒருவர் இருக்கிறார்.

கோரை!

1977-ல் லீராய் ஹோம் என்பவரும் சகாக்களும் சேர்ந்து உலகத்தின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார்கள். அதில் முதல் ராங்க் இந்தக் கோரைக்கு. சரி, இரண்டாவது ராங்க் யாருக்கு என்கிறீர்கள்? நம் அருகம்புல்லுக்கு! ஆக, உலகத்தின் முதல் நம்பர் கேடியிடமிருந்து இரண்டாம் நம்பர் கேடியைக் காப்பாற்றத்தான் கோல்ஃப் மைதானத்தில் இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

(பத்தமடைப் பாய் நெய்கிற கோரை வேறு. அது சாது. இது அதன் ரௌடி உறவு. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்காகக் காசு கொடுத்து வாங்குகிறோமே கோரைக்கிழங்கு... அது சாட்சாத் இதுதான்.)

ஐப்பசியில் ஒரு மழை விட்ட காலையில் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் ஒட்ட வெட்டின கிரீனில், மறுநாள் காலை அங்கங்கே ஊசி ஊசியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அருகு ஒரு நாளில் வளருகிற உயரத்தைப் போலப் பல மடங்கு. பெரிய மாலி ஒன்றைக் கிள்ளி என் விரலில் கொடுத்தார்.

"உருட்டிப் பாருங்க."

உருளவில்லை. முக்கோணமாக இருந்தது. புல்லின் தண்டு உருண்டை அல்லது தட்டை. கோரைக்கு மட்டும் மூணு மூலை. இருட்டில்கூடக் கண்டுபிடிக்கலாம்.

"கையால இழுத்துப் புடுங்கிட்டா?" என்றேன்.

சிரித்தார். "அதைத்தான் அது எதிர்பாக்குது!"

விஷயம் இதுதான். தரைக்கு மேல் தெரிகிற இலை கோரையின் முகவரி மட்டும். வீடு கீழே இருக்கிறது. ஒரு கிழங்கு, அதிலிருந்து ஒரு நூல், அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அப்புறம் இன்னொன்று என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். முன்னால் இருக்கிற கிழங்கு முளைத்திருக்கும்போது பின்னால் இருப்பவை தூங்கும். நீங்கள் வீரமாக இழுத்தால் நூல் அறுந்துவிடும். அவ்வளவுதான், தூங்கின பெட்டிகளெல்லாம் தனித்தனி எஞ்சினாகிவிடும்! ஒன்றைப் பிடுங்கி நாலு நட்டதாக ஆகிவிடும்.

கொல்லையாக இருந்தால் கோடை உழவு போட்டுக் கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் காயப் போடலாம். நாலு நல்ல வெயில் பட்டால் கிழங்கு செத்துவிடும். இரண்டு கிரவுண்டு கிரீனை யார் உழ விடுவார்கள்? 2015 டிசம்பர் வெள்ளம் இவர்கள் மைதானத்திலும் புகுந்து வண்டலைக் கொட்டிவிட்டுப் போனதாம். "வண்டலோட கிழங்கும் வந்துது சார். இன்னும் அதோட பேரப்புள்ளைங்களோட மல்லுக்கு நிக்கறோம்" என்கிறார்.

இங்கேதான் ஸ்க்ரூ டிரைவர் வருகிறது. கிரீனில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள் எட்டுப் பெண்கள். ஐம்பதுக்குக் கீழே யாரும் இல்லை. எல்லாம் செங்கல்பட்டுப் பக்கம். முதல் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து கடைசி வெளிச்சத்தில் திரும்புகிறவர்கள். ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்தில் கொட்டாங்கச்சி நிறைய மணல். கோரையின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் செங்குத்தாக இறக்கி, லேசாக நெம்பி, விரலால் கிழங்கைத் தடவிப் பிடித்து, நூலோடு அடுத்த கிழங்கையும் அறாமல் உருவுகிறார்கள். குழியில் ஒரு சிட்டிகை மணல். கட்டைவிரலால் ஓர் அழுத்து. அடுத்தது.

மழை விட்ட மறுநாள், அதற்கடுத்த நாள்... இந்த இரண்டு நாளும்தான் அவர்களுக்கு முகூர்த்தம். மண் மெத்தென்று இருப்பதால் நூல் அறாமல் வரும். ஈரம் காய்ந்தால் பட்டென்று அறுந்துவிடும். அதனால் மழைக் காலத்தில் பெரிய மாலி வானிலை அறிக்கையை ஜாதகம் மாதிரி படிக்கிறார்.

வரிசையின் கடைசியில் இருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கோரையை விட்டுவிட்டு வேறு எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்க எல்லாம் ஒரே பச்சை.

"என்னம்மா எடுக்கறீங்க?"

"அருவம்புல்லு தம்பி."

"இதுவே அருகம்புல் வகைதானேம்மா?"

"இது க்ளப் புல்லு. அது நம்மூட்டுப் புல்லு" என்றார், அவசரமில்லாமல். "காக்கா கொண்டாந்து போடுதோ, செருப்புல ஒட்டிக்கினு வருதோ... பூந்துடுது. இலை கொஞ்சம் அகலமா இருக்கும். கணு தூரதூரமா இருக்கும். தடவினா சொரசொரங்கும். தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். மூன்று தடவை தொட்டும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்க, விரல் மட்டும் நடந்துபோய் சரியாக 'நம்மூட்டுப் புல்லை'த் தேடிப் பிடித்தது.

பிள்ளையாருக்கு உகந்த அசல் அருகம்புல், இந்த இரண்டு கிரவுண்டுக்குள் களை! அதன் கலப்பினப் பேத்தி பயிர்! இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. கோரைக்கு மருந்து உண்டு. அகல இலைக் களைகளுக்கு மருந்து உண்டு. ஆனால் பாட்டியைக் கொன்று பேத்தியை விட்டுவிடுகிற மருந்து கிடையாது. இரண்டும் ஒரே ரத்தம். எது அடித்தாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வலிக்கும். விட்டுவைத்தால் நாலைந்து வருஷத்தில் கிரீன் திட்டுத் திட்டாக நிறம் மாறி, பந்து தத்தித் தத்தி ஓடும். அப்புறம் மொத்தத்தையும் சுரண்டிப் புதிதாக நட வேண்டியதுதான். அதற்கு லட்சக்கணக்கில் செலவு. அது வராமல் தடுப்பது இந்த எட்டுப் பேரின் விரல் நுனி.

அந்த அம்மா பொறுக்கின அருகில் நல்லதாக ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டார். ஸ்டேஷன் பக்கத்து அரசமரத்துப் பிள்ளையாருக்காம்.

முன்பு இங்கே இருபதுக்கு மேல் பெண்கள் இருந்தார்கள். ஃபேர்வேயிலும் கையால்தான் களை எடுத்தார்கள். ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து வந்தபிறகு ஆள் குறைந்தது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கிற அதே மருந்துதான். இலையில் பட்டு உள்ளே இறங்கி, கிழங்குவரை போய், செடி புரதம் தயாரிக்கிற வேலையையே நிறுத்திவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பத்து நாளில் மஞ்சள் அடிக்கும், மூன்று நாலு வாரத்தில் காயும். இதற்கும் பருவம் பார்க்க வேண்டும். கோரை துடிப்பாக வளரும்போது அடித்தால்தான் கிழங்குக்குப் போகும். முதல் இரண்டு நாளும் அடித்தபின் இரண்டு நாளும் புல் வெட்டக் கூடாது. இலை இருந்தால்தானே மருந்து குடிக்கும்? அடித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் காசு தண்ணீரோடு போச்சு. அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிளிலேயே, கிரீனில் அடிக்காதே என்று போட்டிருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற புல் அதைத் தாங்காது. ஆகவே ஃபேர்வேக்கு மருந்து, கிரீனுக்கு ஸ்க்ரூ டிரைவர். பங்கு பிரிந்துவிட்டது.

மருந்தைப் பற்றி மெம்பர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு. 1997-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான நிஜ கேஸ். ரிட்டயர்டு என்ஜினீயர் ஒருவர் தினமும் கோல்ஃப் ஆடுவார். கிரீனுக்கு வந்ததும் பந்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை நாக்கால் நக்கித் துடைப்பார். (சிரிக்காதீர்கள். நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டாம்.) கல்லீரல் வீக்கம் வந்து படுத்துவிட்டார். டாக்டர்கள் என்னென்னவோ பார்த்துவிட்டு, மைதானத்தில் அடிக்கிற களைக்கொல்லியில் போய் நின்றார்கள். நக்குவதை நிறுத்தினார், சரியாயிற்று. என்ஜினீயர் ஆயிற்றே! நம்பாமல் மறுபடி நக்கிப் பார்த்தார். மறுபடி வந்தது.

இதைப் பெரிய மாலியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ரஃப் ஓரத்தில் முளைத்திருந்த ஒரு சின்னச் செடியைக் காட்டினார். கீழாநெல்லி.

"கல்லீரலுக்கு இதுதானே மருந்து? இதையும் பொன்னாங்கண்ணியையும் இந்தம்மாங்க முன்னெல்லாம் பறிச்சுக்கினு போவாங்க. நாந்தான் நிறுத்திட்டேன். எந்த எடத்துல எப்ப இன்னா அடிச்சோம்னு என் டயரிக்குத்தான் தெரியும். அவங்க சட்டியில போய் விழக் கூடாது பாருங்க."

டயரியைக் காட்டினார். தேதி, ஹோல் நம்பர், மருந்து, அளவு, காற்று எந்தப் பக்கம் அடித்தது எல்லாம் பென்சிலில். மருந்து அடித்த ஹோலில் சிவப்புக் கொடி. இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். மெம்பர்கள் அந்தச் சட்டத்தை மதிக்கிறார்கள். மதிக்காதவர்கள் யார் தெரியுமா? அந்த எட்டுப் பெண்கள்தான்!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உயிர் வெல்லமில்லையா அவர்களுக்கு?

கணக்கைக் கேட்டபிறகு ஆச்சரியம் போய்விட்டது. இவர்கள் க்ளப் ஆட்கள் இல்லை. கான்ட்ராக்ட். கூலி நாள் கணக்கு இல்லை, கிரீன் கணக்கு. ஒரு கிரீன் சுத்தமானால் காசு. பாதி கிரீனுக்குக் காசு கிடையாது. பாதி முடிந்த கிரீனுக்குப் பக்கத்து ஃபேர்வேயில் மருந்து அடித்துக் கொடி நட்டுவிட்டால், இரண்டு நாள் வேலை நிற்கும். வேறு கிரீனில் போய் முதலிலிருந்து ஆரம்பித்தால், அந்த வாரக் கணக்குக்குள் இரண்டும் முடியாது. அதற்குள் மழை ஈரமும் காய்ந்துவிடும். அதனால் மாலி அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவர்கள் கொடியை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வெறும் கையோடு, வெறும் காலோடு. கிளவுஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிளவுஸ் போட்டால் நம்மூட்டுப் புல்லும் க்ளப் புல்லும் விரலுக்குத் தெரிவதில்லை!

"கொடியைப் பாத்தா பயமா இல்லையாம்மா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"பயந்தா வாரக் கூலி யாரு குடுப்பா கண்ணு?"

பதில் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

பெரிய மாலிக்குத் தெரிந்திருக்கிறது. கொடி நட்ட நாளுக்கும் இந்தப் பெண்களுக்குக் கூலி கொடுத்துவிட வேண்டும், வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் வரும் என்று க்ளப் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதியது அவர் மகள். கம்ப்யூட்டரில் தமிழில் அழகாக டைப் அடித்திருக்கிறாள். கமிட்டியில் அதை இங்கிலீஷில் கேட்டார்களாம். அதுவும் கொடுத்தாயிற்று. கான்ட்ராக்டரின் பொறுப்பு என்று சிலர் சொல்ல, பார்க்கலாம் என்று சிலர் சொல்ல, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள். புது கோல்ஃப் வண்டி வாங்குகிற விஷயம் மட்டும் அதே கூட்டத்தில் பாஸாகிவிட்டது. இதை நான் சொன்னதாக யாரும் சொல்ல வேண்டாம்.

மற்ற ஊர்க் கதையைக் கேட்டால் சென்னை எவ்வளவோ தேவலை. டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் அருகு பழுப்படித்துத் தூங்கிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அப்படித்தான். அங்கே தூங்குகிற புல்லின் மேலேயே குளிர்காலப் புல் விதையைத் தூவிப் பச்சை காட்டுகிறார்கள். டி.வி.யில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அகஸ்டா மைதானத்தில் ஏப்ரலில் பளபளக்கிற ஃபேர்வேயெல்லாம் அந்த ஒட்டுப் பச்சைதான். கோடையில் மாசக்கணக்கில் க்ளப்பையே மூடிவிட்டுப் புல்லைப் பார்த்துக்கொள்கிறார்கள். நம் கொடைக்கானலில் 1895-லிருந்து கோல்ஃப் க்ளப் இருக்கிறது. அங்கே மேய்வதற்குக் காட்டெருமையே வந்து நிற்கும். அதனிடம் போய் கம்ப்ளெயின்ட் புத்தகத்தை நீட்ட முடியாது.

நாலாவது தடவை நான் போனது மார்கழியில். விடிகாலை ஐந்தரை. பக்கத்துத் தெருக் கோயிலில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்திருந்தது. இரண்டு பேர் நீளமான மூங்கில் கழியை கிரீனின் மேல் அரைவட்டமாக வீசி வீசிப் பனியைத் தட்டிக்கொண்டு போனார்கள். பனி அப்படியே நின்றால் பூஞ்சாளம் பிடிக்கும். கழி போன வழியெல்லாம் வெள்ளை போய்ப் பச்சை தெரிந்தது. இந்த மாசம் அருகு மெதுவாகத்தான் வளரும், கோரையும் அடங்கியிருக்கும். கையால் எடுக்கிற வேலை குறைவு. தை மாசம் பெரிய டோர்னமென்ட். குழியை எந்த இடத்தில் வெட்டுவது என்று பெரிய மாலி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரே இடம் தேயாமல் இருக்க அதைத் தினமும் மாற்றி வெட்டுகிறார்கள். நாலே கால் இஞ்ச் அகலத்துக்கு இத்தனை யோசனை!

கமிட்டிக் கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தைக்குப் பின்னாலதான் சார்."

ஏழாவது ஃபேர்வேயில் மட்டும் கோரை கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. மழையில் அந்தப் பெண்கள் அதிக நாள் உட்கார்ந்து வேலை செய்தது ஏழாவது கிரீனில்தானாம். கூட்டம் முடிகிற வரை அந்தப் பக்கம் மருந்து அடிப்பதில்லை என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் அதைப் பற்றி இதுவரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.